அவுட் ஆகக்கூடாதென்று வைத்த நேர்த்தி

எள்ளுப் பொட்டணி எரிகிற மணம் மூக்கில் ஏறினால் எனக்குச் சனீஸ்வரனோடு சேர்ந்து பேஸ்போலும் ஞாபகத்துக்கு வரும். இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டேன். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல; கோயில் விஷயத்தில் ஒரு சொல் பிசகினாலும் குற்றமாகிவிடுமோ என்ற பயம் வேறு. ஆனால் நடந்ததை எங்கள் ஆட்களே வேறுமாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

2015ஆம் ஆண்டு புரட்டாதி மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. இங்கே பிரெஞ்சுத் தலைநகரில், சனிக்கிழமைகளில் அம்மாவோடு புறநகர் ஓல்னேயிலிருந்து ரயிலேறிக் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, பிள்ளையார் கோயிலில் எள்ளெரித்து, மரக்கறி வாங்கிக்கொண்டு, ரூ பெர்தொனே தெருவில் சித்தப்பா கொத்துரொட்டி போடும் கடைக்குப் போவோம்.

சித்தியும் மகன் துவாரகனும் டொரொண்டோவில் இருந்தார்கள். சித்தியின் தமையன் கூப்பிட்டதால் அவர்கள் ஊரிலிருந்து நேரே அங்கே போய்விட, சித்தப்பாவுக்கு இங்கே வதிவிடப் “பேப்பர்” இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு வயதில் தூக்கிக் கொஞ்சிய பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் சித்தப்பா கடையிலிருந்து போன் எடுப்பார்.

“சாப்பிட்டியே ராசா?”

“ம்.”

“பள்ளிக்கூடம் எப்பிடி?”

“குட்.”

அதோடு போன் சித்தியின் கைக்குப் போய்விடும். சித்தப்பா அடுப்பைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருடம் துவாரகனுக்குப் பேஸ்போல் “விசர்” பிடித்திருந்தது. டொரொண்டோ அணி நெடுங்காலத்துக்குப் பிறகு இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு வந்திருந்தது. முதற்சுற்றில் ஐந்து ஆட்டம். மூன்றை முதலில் வெல்பவர் மேலே போகலாம். “கிரிக்கெட் மாதிரித்தானே, எனக்குத் தெரியாததே?” என்றார் சித்தப்பா. முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்த நாள் காலையிலேயே அவர் பிள்ளையாரிடம் போய், எங்கள் பெடியள் ஒருவரும் அவுட் ஆகக்கூடாது, ஆகாவிட்டால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்த்தி வைத்தார். அன்றும் தோற்றார்கள்.

சனிக்கிழமை நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது போன் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

“அழுதுகொண்டு கிடக்கிறானப்பா. வரமாட்டானாம்,” என்றார் சித்தி.

“இஞ்சேரப்பா, ஒருக்காக் குடும். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைக்கிறன்.”

அங்கே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அழாதை ராசா. அப்பா பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். எங்கட பெடியள் இனி ஒருத்தரும் அவுட் ஆகமாட்டினம்.”

மூக்குறிஞ்சல் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது.

“நோ, அப்பா! எல்லாரும் அவுட் ஆவினம்! மூண்டு பேர் அவுட் ஆனாத்தான் மற்ற ரீம் வரும். அவுட் ஆகாட்டி மட்ச் முடியாது!”

“அப்ப, அவுட் ஆனவன் திரும்ப வருவானே?”

“ஓம்! திரும்பத் திரும்ப வருவான். அப்பாவுக்கு ஒண்டுமே தெரியாது!”

“தெரியாது ராசா. நீ சொல்லு.”

அவன் சொன்னான். தமிழ் தடக்கிய இடமெல்லாம் இங்கிலிசுக்குத் தாவி, திரும்பவும் தமிழுக்கு வந்து சொன்னான். “சுத்தி ஓடி, கடைசியா வீட்டுக்கு வரவேணும், அப்பதான் பொயின்ற்.” பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த சாந்தன் அண்ணை தகட்டைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் சாப்பாட்டுக்கு நின்றவர்களும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள்.

போனை வைத்ததும் சித்தப்பா ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்துக் கடையில் தேங்காய் வாங்கினார்.

“ரெண்டு மட்சும் தோத்துப்போச்சு, என்னத்துக்கு அண்ணை தேங்காய்?” என்று சாந்தன் அண்ணை சிரித்தார்.

“தோத்தா என்ன? பெடியன் கதைச்சிட்டானடா!”

நானும் கூடவே ஓடினேன். கோயில் வாசலில் அந்தத் தேங்காய் சிதறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு மிச்ச மூன்று ஆட்டத்தையும் டொரொண்டோ வென்றதும் உண்மைதான். அதனால் இப்போது கலியாண வீடுகளில் “பிள்ளையார் வெண்டு குடுத்தவர்” என்று கதை நடக்கிறது. சித்தப்பா கனடாவுக்குப் போய்விட்டார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. கொத்துச் சத்தம் இல்லை. என் மகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எள்ளெரிக்கப் போகையில் அந்த வாசலில் கொஞ்சம் நிற்பேன்.

தேங்காய் உடைத்தபோது டொரொண்டோ ஓர் ஆட்டமும் வென்றிருக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், தயவுசெய்து, அதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.