சிஞ்ஞோரா விற்ற துப்பாக்கி

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் நான் வீட்டுவேலை செய்த வீட்டு எசமானி, நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைப்பவர், இறந்த கணவரின் வேட்டைத் துப்பாக்கியை விற்றார். வாங்க வந்தவர் நகரின் ஓரத்திலுள்ள சியாகுல்லியில் பழத்தோட்டம் வைத்திருந்தவர். அவருடைய வேலையாள் ராசனும் கூட வந்தான்.

“ஒரு பழுதும் இல்லை” என்றார் சிஞ்ஞோரா. அதைத் துடைத்து வந்தவன் நான். குழல் ஓரிடத்தில் வீங்கியிருந்தது. இத்தாலியனில் சொன்னால் என் வேலை போய்விடும். ராசனிடம் தமிழில் சொன்னேன்.

“சுட்டால் குழல் வெடிக்கும். உன்ரை முதலாளியிட்டைச் சொல்லு.”

“வெடிக்கட்டும் அண்ணை. சம்பளம் கேட்டால் குரைக்கிற மனுசன்.”

இருவரும் சிரித்தோம்.

ராசன் இல்லாத ஒரு நாள், சுட்டுப் பார்க்கச் சொல்லி முதலாளி அதைத் தன் இன்னொரு வேலையாளான மொரிசியஸ்காரனிடம் கொடுத்தார். அவனுடைய இடக்கை விரல்கள் போயின.

“அவர் தானே சுடுவார் எண்டுதானே அண்ணை நினைச்சனான்” என்று ஆஸ்பத்திரி வாசலில் ராசன் அழுதான்.

தங்கள் வீட்டு யன்னலைக்கூடத் தாங்களே துடைக்காதவர்களிடம் வேலை செய்துகொண்டு, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.