சித்தூர் கேப்டனின் அண்ணன் பையன்

எங்கள் வீட்டில் கபடி ஆடியே வயிற்றைக் கழுவியவர் சித்தப்பா ஒருவர்தான். ஞாயிறன்று ஏதாவது ஓர் ஊருக்காக ஆடுவார். மற்ற நாட்களில் வேறெங்கோ பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். எந்த ஊர் என்று கேட்டால் பதில் வருவதற்குள் பஸ் வந்துவிடும். கூலி, பஸ் சார்ஜும் ஒரு கூடை மாம்பழமும். எங்கள் ஊர் சந்திரகிரியில் அவரைப் போல மூச்சடக்கிப் பாடிப் போக ஆள் கிடையாது என்று எங்கள் நைனாவே ஒப்புக்கொள்வார். சொந்தத் தம்பியைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

எனக்குப் பத்து வயதில் பங்காருபாளையத்துப் பந்தயத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். ஒவ்வோர் அணியிலும் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டுமே ஆடலாம். வெளியூர் ஆள் இருப்பது தெரிந்தால் ஜெயித்த அணியும் தோற்றதாகிவிடும். சித்தப்பா மாங்காய் மண்டி ஆள் ஒருவரின் பெயரில் பங்காருபாளையத்துக்காக ஆட இறங்கினார்.

"என்னைத் தெரியாத மாதிரி குந்திக்கினு இரு, போதும்" என்றார். இதுகூடவா முடியாது என்று இருந்தேன்.

சித்தூரோடு இறுதி ஆட்டம். சமநிலை. கடைசியாகப் பாடிப் போன சித்தப்பாவின் கணுக்காலைச் சித்தூர் கேப்டன் பிடித்துவிட்டார். மேலே இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். கோட்டுக்கு ஒரு சாண் பாக்கி. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சித்தப்பா, கைய நீட்டு!"

நீட்டினார். கோட்டைத் தொட்டார். பங்காருபாளையம் ஜெயித்தது. மைதானமே கூத்தாட, நடுவர் மட்டும் நேராக என்னிடம் வந்தார்.

"எவர்ரா நுவ்வு? இதுல யார்ரா உன் சித்தப்பா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை எங்கேயோ நீட்டினேன். கால்சட்டை நனையாமல் இருந்ததே பெரிய காரியம். கண்ணைத் திறந்தால், என் விரலுக்கு எதிரில் சித்தூர் கேப்டன்.

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை அவருடையது.

"எங்க அண்ணன் பையன்தான் சார். கைய நீட்டுன்னு எனக்குத்தான் கத்தினான். நான்தான் நீட்டல."

நடுவர் என் மூக்கையும், அதே அச்சில் வார்த்த சித்தப்பாவின் மூக்கையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு விசில் ஊதிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா அந்தக் கேப்டனைப் பிடித்துக்கொண்டார். "கணுக்கால மட்டும் புடிச்சா ஆச்சா? முட்டிய பூட்டுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்?"

"சரிண்ணா" என்று அவர் தலைகுனிந்து நின்றார்.

சண்டை வலுத்துவிடும் என்று பயந்து, கூடையோடு சித்தப்பாவையும் பஸ்ஸுக்கு இழுத்து வந்தேன். வழியெல்லாம் என் விரலின் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தோற்ற மனிதர், தோற்கடித்தவரை எதற்காகக் காப்பாற்றினார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. வாய் நிறைய மாம்பழம்.