சத்தம் போடாத இன்ஜின்

பாகாலா ஊரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அவரைப் பார்த்தேன். பிக்கப் வண்டியில் தெருத்தெருவாகத் தக்காளி விற்பவர். பேசும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார். அவருடைய பழைய வண்டிக்கு அன்று புது மாடல் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். அது சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் முகம் வாடிப்போனது.

"கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி பண்ணுப்பா."

மெக்கானிக் சிரித்தார். "இன்னாண்ணா, எல்லாரும் கொறைக்கத்தான் சொல்லுவாங்க!"

"பழைய இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் பொம்பளைங்க வெளிய வருவாங்க. இனிமே யாருக்குத் தெரியும்?"

"கூவு."

"கூச்சமா இருக்குதுப்பா."

"ஸ்பீக்கர் வெச்சிக்கோ."

"அதுலயும் நான்தானே பேசணும்?"

கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தக்காளி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் திரும்பவில்லை. நானும் கூச்சக்காரன்தான், யாராவது பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும்.