அக்கா வீட்டின் இரண்டு வாசல்கள்

1963 ஜூலை 14, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். சிற்றாற்றில் குளித்து, இரண்டு வேட்டி துவைத்தேன், சாரலில் காயவில்லை. ஒன்பதே முக்கால் பஸ்ஸில் அக்கா தென்காசி வந்து சேர்ந்தாள். அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

அக்கா வாழ்க்கைப்பட்டது கடலோர ஊரில். அங்கே ஜன்னல் கம்பியை உப்புக் காற்று தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. சாலைக்கு மேற்கே டவுன் பஞ்சாயத்து, அங்கே குழாய் வந்துவிட்டது. கடல் பக்கம் கிராமப் பஞ்சாயத்து, அங்கே இல்லை. நடுவில் அக்கா வீட்டு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் சாலையில் ஒரு வாசல், கடலைப் பார்த்து ஒரு வாசல். அந்த வரிசைக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் டவுன் பெயரைப் போடுவார்கள்; வரி கேட்டு ஆள் வந்தால் கிராமத்தார் ஆகிவிடுவார்கள்.

குழாய் வேண்டுமென்றால் வீடு எந்தப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது என்று மனு கொடுக்கச் சொன்னார்கள் டவுன் ஆபீஸில். வரிசையில் மற்றவர்கள் டவுன்தான் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்காக நான் போய், டேப் பிடித்து அளந்து, வரைபடம் போட்டேன். விளக்கு மாடம் இருந்த கடல் பக்கத்தைத் 'தலைவாசல்' என்று குறித்தேன். உண்மையும் அதுதான்.

அந்த ஞாயிறு மத்தியானம் அக்காவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். அக்கா குளிக்கவில்லை. அருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இம்புட்டுத் தண்ணியும் சும்மால்லா போகுது" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். "ஆபீஸ்ல இருந்து வந்துது. நீயே வாசிச்சுச் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

வாசித்தேன். தாங்கள் இணைத்த வரைபடத்தின்படி தலைவாசல் கிராம எல்லையில் திறப்பதால் குழாய் இணைப்புக்கு இடமில்லை என்றிருந்தது. ஒரு வரியையும் விடாமல் சொன்னேன்.

"மத்த வீட்டுக்கெல்லாம்?"

"கிடைச்சிருக்கும். அவங்க படம் போடலை."

அக்கா கவரை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"எதுத்த வீட்டுக்காரி இனிமே வாய மூட மாட்டா. இப்பவே, 'மயினி, ஒங்க தம்பிய குழா தோண்டச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் ரெண்டு குடம் விடுதா."

"நான் அப்படிக் குறிச்சிருக்கக் கூடாதுக்கா."

"உள்ளதத்தானலே எழுதுன" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். ஐம்பத்தாறு வயது, முழங்காலில் நீர்க்கட்டு. அந்தக் காலோடு சாலையைக் கடந்து குடம் சுமக்கிறாள். இன்னொரு மனு எழுதுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், வீட்டிலிருந்த பெரிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, வாயில் துணி கட்டி, அவள் ஊர் பஸ்ஸில் ஏற்றுவதற்குத் தயாராக வைத்தேன்.