கோப்பையை உடைத்தது அவள் இல்லை

அவள் உடைத்தாளாம்! மாடிவீட்டுக்காரி கண்ணால் பார்த்தாளா? நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும். தையற்காரிக்குப் பொறாமை இருந்தது, அதை மறைப்பானேன்? வயிற்றில் உலை வைத்தால் அரிசி வெந்துவிடும், அவ்வளவு பொறாமை. ஆனால் உடைத்தது அவள் இல்லை.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையை மூடிவிட்டால் மனிதருக்குப் பழங்காலக் கோப்பைகள்தான் உலகம். வெனிஸ் பாணியில் செய்த அலங்காரக் கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றில் வெள்ளைக் கோடு நூல் நூலாக ஓடும், ஒன்றில் பொன்தூள் சிதறிக்கிடக்கும், இன்னொன்றின் காம்பில் சிறகு வைத்த பாம்பு சுருண்டிருக்கும். மொத்தம் பத்தொன்பது. கூடத்தில் பூட்டிய அலமாரி, சாவி அவர் இடுப்பில். மாதம் ஒருமுறை சமையலறைத் தொட்டிக்குள் டவலை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவார். பதினோரு வருஷத்தில் பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஒரு ஈரத்துணி போட்டிருப்பாரா?

ஒருநாள் அலமாரி திறந்திருந்தது. தூசி தட்டப் போனாள்.

"தொடாதே! ஊசி பிடிக்கிற கை, சொரசொரன்னு இருக்கும். கீறல் விழுந்துடும்."

அதற்கப்புறம் எட்டு நாள் பேச்சில்லை. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

பிறகுதான் பாட்டு டீச்சர் வந்தாள். அவளிடமும் இரண்டு கோப்பை உண்டாம். ஞாயிறு தவறாமல் வந்து, விளிம்பை நகத்தால் சுண்டி, "என்ன சுருதி பாருங்க சார்!" என்பாள். இவருக்கு முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்துவிடும். காபி கலக்குகிறவளின் காது மட்டும் கூடத்தில்.

"ஏங்க, அவங்க மட்டும் தொடலாமா?"

"அவங்களுக்குப் பிடிக்கத் தெரியும்டி."

"எனக்கும் சொல்லிக்குடுங்களேன்."

"நீயும் சேர்ந்துகிட்டா காபி யாரு போடறது?"

சிரிப்பு வேறு.

அந்த ஞாயிறு, பாம்புக் கோப்பையைத் தானே கழுவுகிறேன் என்றாள் டீச்சர். இவரும் சரி என்றார்! மகராசி டவலையும் விரிக்கவில்லை, திருகியதும் சுடுதண்ணீர்க் குழாயை. அந்தக் காம்பு எந்தக் காலத்திலோ எவனோ பசை போட்டு ஒட்டியது. சூடு பட்டதும் இளகிக் கழன்று, தொட்டியில் விழுந்து மூன்றாகிவிட்டது.

தையற்காரி சமையலறை வாசற்படியில் நின்றாள். இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று காத்திருந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை.

அவரோ பதறி, "விரல்ல பட்டுடுச்சா டீச்சர்? காட்டுங்க! கோப்பை கிடக்குது" என்றார்.

கிடக்கிறதாம்! தூசி தட்டியதற்கு எட்டு நாள், உடைத்ததற்கு உபசாரம். பொறாமைக்கும் ஒரு எல்லை உண்டு. அன்றைக்கு அதையும் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை நாலு துணியைப் பையில் திணித்தாள். அவர் மேசையில் குனிந்து பாம்பின் சிறகை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

"ம்... கதவை மெல்ல சாத்து. அலமாரி அதிரும்."

அவள் அறைந்து சாத்தவில்லை. சாத்தவே இல்லை. அகலத் திறந்துபோட்டுவிட்டுப் படியிறங்கினாள்.