மாத்திரையில் உறை ஊற்றிய தயிர்

என் கைப்பையில் ஒரு சாவி இருக்கிறது. ஜெர்மனியில் எந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் போனாலும், எந்த நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினாலும், முடியாதவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் கழிப்பறையை அதைக்கொண்டு திறந்துகொள்ளலாம். எனக்குக் குடல் நோய் என்று டாக்டர் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார், சாவி தபாலில் வந்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு ஒரு கைப்பிடி மண் சொந்தமில்லை. வாடகை வீட்டின் பால்கனியில் சேலை காயப்போட்டால்கூடக் கீழ்வீட்டுக் கிழவர் மணியடித்துச் சண்டைக்கு வருகிறார். கக்கூஸ் மட்டும் தேசம் முழுக்க என்னுடையது. வீடியோ காலில் சாவியைக் காட்டியபோது என் தங்கை செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "எஸ்டேட் தொரைக்குக்கூட இத்தன கக்கூசு இருக்காதுக்கா" என்றாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மலத்தைப் பற்றிப் பேசுவதில் வெட்கமே கிடையாது. முதல்முறை டாக்டரிடம் போனபோது எனக்கு மொழி அரைகுறை. "வீ இஸ்ட் இஹர் ஷ்டூல்?" என்று கேட்டார். நம் ஊரில் ஸ்டூல் என்றால் உட்காருகிற ஸ்டூல்தானே? நாற்காலியைத் தட்டிக்காட்டி, "கூட், டாங்கே" என்றேன். நல்லா இருக்கு, நன்றி. மலத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர் குழம்பிப்போய், அதில் ரத்தம் இருக்கிறதா என்று சைகையோடு கேட்டார். பதறி எழுந்து திரும்பிப் பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத் துணி போட்ட நாற்காலி. ரத்தம் இருந்தது. அதற்குமேல் எங்களுக்குள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பெருங்குடலில் ஆறாத புண். தீராது, மருந்தால் அடக்கி வைக்கலாம். செல்விக்கும் இதேதான் என்று அதற்கு முந்தைய வருடம் சேலத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தோம், வயிற்று நோயையும் பங்கு போட்டுக்கொண்டோம். நான் படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவள். அவளைச் சேலத்துக்கு மேலே எங்கள் மலையிலேயே, வெள்ளக்கடை என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சேகர் பிக்கப் ஓட்டுகிறார். மாமியார் பாவாயி மாடு வைத்து, பக்கத்து ஒண்டிக்கடை முக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறார். டூரிஸ்ட்டுகள் அந்தக் கடையின் தயிருக்காகவே வருவார்கள். அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்தபிறகு அந்த மலையில் எனக்கென்று மிச்சமிருந்தது செல்வி ஒருத்திதான்.

அடுத்த முறை போனபோது டாக்டர், "உங்கள் டார்ம்ஃப்ளோரா பாழாகிவிட்டது" என்றார். ஃப்ளோரா என்று எங்கள் கான்வென்ட்டில் ஒரு டீச்சர் இருந்தார், அதற்குமேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளைத்தான் இவர்கள் அப்படிப் பூந்தோட்டம்போலச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் கிருமிகளைப் பொடியாக்கிப் பொட்டலத்தில் தந்தார். "இது மருந்து இல்லை. மருந்துக்குப் பின்னால் வருகிற உதவியாள். மருந்தை நிறுத்தினால் இது ஒன்றும் செய்யாது" என்று எனக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதைச் சொல்லித் தொலைத்தேன். "நம்ம பழைய சோத்துல இல்லாத ப்ரோபயாட்டிக்கா?" என்று ஒரு கோட்டு போட்டவர் மைக் இல்லாமலே பேருரை ஆற்றினார். அவர் கையில் பீட்சா இருந்தது. பழைய சோறு தின்றே வளர்ந்தவள்தான் செல்வி. அவளுக்கு ஏன் ரத்தம் போகிறது என்று கேட்டேன். மனதில் நம்பிக்கை வேண்டும் என்றார். பொங்கலை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்தது என் பெருந்தன்மை.

சேலத்து டாக்டரும் செல்விக்கு இதே கிருமியை மாத்திரையாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார். ஃபிரிட்ஜ் தேவைப்படாத நல்ல வகையாகப் பார்த்து, சேலத்துக்குப் போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன். சில நாள் கழித்து வீடியோவில் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. மாத்திரை எப்படி என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்த அதப் பிரிச்சுப் பால்ல கொட்டி ஒறை ஊத்திப்போட்டாங்க்கா. தயிரு கல்லாட்டம் தோஞ்சிருச்சு. கடையில நொம்பப் பேரு கேட்டு வாங்கிச் சாப்படறாங்க. வெளிநாட்டுத் தயிராமா."

"நீ சாப்பிட்டயா?"

"ரத்தம் போறவளுக்குத் தயிரு ஆவாதாமா."

அத்தையைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை. பாவாயி அத்தை யாரிடமும் குரல் உயர்த்தியதே இல்லை. "ஏங்கண்ணு, ஒருத்தி முழுங்குனா ஒரு வயித்துக்குத்தான். ஒறை ஊத்துனா ஊருக்கே ஆவுமில்ல?" என்றார். காலமெல்லாம் பாலைத் தயிராக்கிப் பிழைத்தவருக்கு உயிருள்ள கிருமி என்றதும் வேறெதுவும் தோன்றவில்லை. கிருமி ஒன்று நூறாகப் பெருகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தோன்றாமல் போனது செல்வி மட்டும்தான்.

மாத்திரையாவது போகட்டும், அது உதவியாள்தான். அந்த வீட்டுக்குப் பின்னால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் ஒன்று இருக்கிறது. அதற்குள் மிளகு மூட்டைகள். கதவில் பூட்டு, சாவி அத்தையின் இடுப்பில். செல்வி பகலும் இரவும் காப்பிக் காட்டுக்கு ஓடினாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். "செடிக்கு அந்தாண்ட காட்டெரும நிக்குமோன்னு பயமா இருக்குதுக்கா" என்றாள். மூட்டையை எடுத்து வெளியே வையுங்கள், வேண்டுமானால் ஒரு ஷெட் போட்டுத் தருகிறேன் என்று அத்தையிடம் கெஞ்சினேன். "மழ முடியட்டும் கண்ணு. நானும் அந்தக் காட்டுக்குத்தான போறேன்?" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

மருந்து வாங்க மாதாமாதம் சேலம் போக வேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸை எங்கே நிறுத்தச் சொல்வாள்? ஒருமுறை துணியோடு போய்விட்டது, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டாள். சேகர் வாங்கி வருவதாகச் சொன்னார், நோயாளி நேரில் வராமல் தரமாட்டார்களாம் என்று திரும்பி வந்தார். பிக்கப்பில் கூட்டிப் போகலாமே என்றேன். லோடு இருக்கிறது, நாளைக்கு என்றார். பிறகு அவள் சாப்பாட்டையும் நிறுத்தினாள். "சாப்ட்டாத்தானக்கா போவோணும்? சாப்படலைன்னா ஒரு தொந்தரவும் இல்ல" என்று ஏதோ கணக்கைப் போட்டு முடித்தவள் மாதிரிச் சொன்னாள். நான் போனில் அழுதேன், திட்டினேன், மிரட்டினேன். போனில் மிரட்டினால் யார் பயப்படுகிறார்கள்? கடைசியில் ரத்தம் நிற்காமல் போனபோது அதே பிக்கப்பில்தான் கீழே இறக்கினார்கள். அன்றைக்கு லோடு இல்லை. அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார், அதுதான் தாங்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். "குடி கண்ணு, உனக்குத்தான் வயிறு சரியில்லையே. நீ அனுப்புன மாத்திரைல ஊத்துன ஒறைதான். இன்னும் அதுதான் ஓடுது." கிளம்பிய அவசரத்தில் என் பொட்டலங்களை ஜெர்மனி ஃபிரிட்ஜிலேயே விட்டுவந்திருந்தேன். அங்கிருந்து போன கிருமிகள் வெள்ளக்கடையில் குடித்தனம் நடத்தி, வம்சம் பெருக்கி, சௌக்கியமாக இருந்தன. யாருக்காக அனுப்பினேனோ அவள் படமாகச் சுவரில் இருந்தாள். சொம்பைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. குடித்தேன். வயிறு கேட்டது.

சற்று நேரத்தில் வயிறு கலக்கியது. காப்பிக் காட்டைப் பார்த்து எழுந்தேன். அத்தை பதறி ஓடிவந்து, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். "உன்னையக் காட்டுக்கு அனுப்புவனா கண்ணு? வெளிநாட்டுல இருக்கற புள்ள. மூட்டையெல்லாம் நேத்தே எடுத்துப்போட்டு, பினாயில் ஊத்திக் கழுவி வெச்சிருக்கறேன்" என்றார். என் பின்னால் நின்ற சேகர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே போனேன். கட்டியதிலிருந்து யாரும் பயன்படுத்தாத வெள்ளைப் பீங்கான், மூலையில் சிதறிய மிளகு. மூட்டைகளை எடுக்க ஒரு பகல் போதுமாயிருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வெளியிலிருந்து அத்தை, "தண்ணி பத்துமா கண்ணு?" என்று கேட்டார்.

சாவியைத் திருப்பித் தரவில்லை. கேட்காமல் எடுத்துவந்துவிட்டேன். போன மாதம் அத்தை கூப்பிட்டார். "பூட்ட ஒடச்சுப்போட்டோம் கண்ணு, மூட்ட நனையுது" என்றார். சாவி எங்கே என்று கேட்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, "அந்த ஒறை கெட்டுப்போச்சு. இன்னுங் கொஞ்சம் மாத்திர அனுப்பியுடறயா?" என்றார். அன்றைக்கு என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒடம்பப் பாத்துக்க சாமி" என்று வைத்துவிட்டார்.

இரண்டு சாவிகளும் இப்போது ஒரே வளையத்தில் கிடக்கின்றன. நேற்று ரயில் நிலையத்தில் வயிறு முறுக்க ஓடினேன். கைக்கு வந்த சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பினேன், அசையவில்லை. பின்னால் சக்கர நாற்காலியில் காத்திருந்த பெண் எட்டிப் பார்த்து, "பாஸ்ட் நிஹ்ட்" என்றாள். பொருந்தவில்லை என்று அர்த்தம். அது வெள்ளக்கடைச் சாவி என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்தபிறகும் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன்.