ஹோட்டல் வேலை என்று சொன்ன சனிக்கிழமை

அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் மதிப்பு அது. மறுநாள் எங்கள் கசினோவில் நடக்கவிருந்த போக்கர் போட்டியை நான்தான் நடத்த வேண்டும். மைக்கைப் பிடித்து எல்லோரையும் வரவேற்க வேண்டும், ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும், தோற்றவர்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்க வேண்டும். வருடக்கணக்காக மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போட்டவளுக்கு இது சின்ன விஷயமா? அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், தரும காரியத்துக்கு என்று சொல்லி, ஹோட்டல் மண்டபங்களில் கசினோ நடத்துவார்கள். அதனால் "மூத்தவள் ஹோட்டலில் வேலை" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முழுப்பொய் இல்லை என்பது அவருடைய சமாதானம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கறுப்புக் காற்சட்டையையும் கழுத்துப் பட்டியையும் பையில் மடித்துக் கொண்டுபோய், அங்கே போய்த்தான் மாற்றுவேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பிக்கரிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சாதகம் பொருந்தி, மாப்பிள்ளையும் தங்கையும் சில வாரங்களாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தொலைபேசி அடித்தால் குளியலறையிலிருந்தும் ஓடி வந்தாள்.

"கசினோ எண்டு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது," என்றார் அம்மா. "உதைக் கேட்டால் எழும்பிப் போயிடுவினம். ஆரும் கேட்டால் ஹோட்டலிலை ரிசப்ஷன் எண்டு சொல்லு."

பார்க்டேலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாப்பிள்ளையும் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்து, எதையோ கேட்கப் போகிறவர்போல வாயெடுத்தார். அதற்குள் அம்மா தட்டை என் கையில் திணித்துவிட்டார். நான் ரோல்ஸ் பலகாரத்தை ஒவ்வொருவரிடமாக நீட்டினேன். தாய்மாமனிடம் இரண்டாம் முறை நீட்டியபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடு விரலால் மேசையை இரண்டு தரம் தட்டினார். நானும் ஒன்றும் கேட்காமல் அடுத்தவரிடம் தட்டை நகர்த்தினேன். போக்கர் மேசையில் பந்தயம் கட்டாமல் முறையை விட்டுக்கொடுப்பவர் அப்படித்தான் தட்டுவார்.

அத்தோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். தட்டை வைத்ததும் என் இரண்டு கைகளும் தாமாக ஒன்றையொன்று தட்டி, உள்ளங்கையும் புறங்கையும் காட்டி விரிந்தன. மேசையை விட்டு விலகும்போது கையில் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று சீட்டுப் போடுபவர் காட்டும் பழக்கம் அது. தாய்மாமனின் கண் என் கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. எங்கள் போக்கர் மேசைக்கு வந்து ஆடுகிறவர் என்று எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. அந்த வேலையில் நாங்கள் ஆட்களின் முகத்தைவிட விரலைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

"பிள்ளை எங்கை வேலை செய்யிறா?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"ஹோட்டலிலை ரிசப்ஷன்," என்றார் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம், ஹோட்டல்தான்," என்றேன். எந்த ஹோட்டல் என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். வேலை எப்படி என்று கேட்டார்கள். சாவி கொடுக்கிறது, பெட்டி தூக்க ஆள் அனுப்புகிறது என்று கண்டபடி அளந்தேன். கன்னம் சுட்டது. மாப்பிள்ளை அதன் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாய்மாமன் மட்டும், "ஹோட்டல் வேலை நல்ல வேலை," என்று ஒத்து ஊதினார்.

போகும்போது அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். தாய்மாமன் கொஞ்சம் பின்தங்கி நின்றார்.

"பிள்ளை, என்னை அங்கை கண்டதெண்டு இவையளுக்குச் சொல்லிப்போடாதையும். நானும் உம்மைப் பற்றி வாய் திறக்கமாட்டன். நாளைக்குப் போட்டிக்கும் வரேல்லை."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. அவர் சூதாடிவிட்டு ஒளிக்கிறார். நான் உழைத்துச் சாப்பிடுவதை ஒளிக்கிறேன். இரண்டு பேரும் கள்ளர் மாதிரி லிஃப்ட் வாசலில் நிற்கிறோம். ஆனாலும் தங்கையின் காரியம் கெடவில்லை என்ற நிம்மதியோடுதான் வீட்டுக்குள் வந்தேன்.

தங்கை குசினியில் சேலையோடு நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள்.

"அம்மா உப்பிடித்தான் சொல்லுவா எண்டு தெரியும். நீங்கள் ஏனக்கா ஓமெண்டனீங்கள்?"

"உனக்காகத்தானே."

"அவருக்கு நான் போன கிழமையே சொல்லிப்போட்டன். கசினோவிலை வேலை, நாளைக்கு முழுப் போட்டியையும் என்ரை அக்காதான் நடத்துறா எண்டு பெருமையாச் சொன்னனான். அவருக்குச் சரியான சந்தோசம். உங்களிட்டை அதைப் பற்றிக் கேக்க வேணுமெண்டே வந்தவர்."

கசினோவில் நிற்பதற்காக அதுவரை பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று அப்போது விளங்கியது.

"இனி அவர் ரெலிபோன் எடுத்தால் நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். "நான் சொன்னது பொய்யெண்டோ, நீங்கள் சொன்னது பொய்யெண்டோ?"

முன்னறையிலிருந்து அம்மா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி நாள் பார்க்கலாம் என்று குரல் கொடுத்தார். தங்கை கழுவிய கோப்பையையே திரும்பவும் எடுத்துக் கழுவினாள்.